கடல் கடந்த புஸ்தக தானம்

நமது வாசகர் ஒருவர், தாம் வசிக்கும் தெருவிலுள்ள குடும்பத்தாரிடமெல்லாம் சென்று, பிள்ளைகள் படித்து முடித்த புஸ்தகங்களைச் சேகரித்து, பதினோரு அட்டைப்பெட்டிகளில் அடுக்கி வைத்திருப்பதாகவும், அவற்றைக் கென்யா தேசத்திலேனும் இலங்கையின் மலையகத்திலேனும் உள்ள ஏழைப் பள்ளிக்கூடங்களுக்குக் கப்பல் மூலம் அனுப்ப விரும்புவதாகவும், அதற்கு வழி என்னவென்றும் நம்மைக் கேட்டு எழுதியிருக்கிறார். அக்கடிதத்தில் காணப்படும் பரோபகார சிந்தையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். பழைய காகிதக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டுப் போகக்கூடிய பொருளைத் தூசி துடைத்து, அடுக்கி, கயிறு கட்டி வைப்பதற்கு ஒரு மனம் வேண்டும். ஆயினும் அவர் கேட்ட வழியைச் சொல்லுமுன், அவர் கேளாத ஒரு கேள்வியை நாம் கேட்கவேண்டியவர்களாயிருக்கிறோம். அந்தப் பெட்டிகளைப் பெறப்போகிற உபாத்தியாயர் யார்? அவர் இவற்றை வேண்டுமென்று கேட்டாரா?

இக்கேள்வி அற்பமானதன்று. கடந்த எழுபது ஆண்டுகளாக நடைபெற்றுவரும் கடல் கடந்த புஸ்தக தானத்தின் நன்மை தீமைகளெல்லாம் இதற்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன.

1954-ஆம் ஆண்டில் பஹாமாத் தீவுகளின் பிரிட்டிஷ் கவர்னராயிருந்த ரான்பர்லிப் பிரபுவின் மனைவியார் ஹெர்மயனி சீமாட்டி, அத்தீவுகளின் பிள்ளைகளுக்குப் படிக்கப் புஸ்தகமில்லாமை கண்டு, இங்கிலாந்திலுள்ள தம் நண்பர்களுக்கு எழுதிப் புஸ்தகங்கள் தருவித்தார். அச்சிறு முயற்சி ரான்பர்லி நூல்நிலைய சேவை என்னும் ஸ்தாபனமாக வளர்ந்து, 1994-ல் புக் எய்ட் இண்டர்நேஷனல் என்று பெயர் மாற்றிக்கொண்டு இன்றும் நடந்துவருகிறது. 1959-ல் கானடாவில் ஓவர்ஸீஸ் புக் சென்டர் என்பது தோன்றியது. 1988-ல் அமெரிக்காவின் மின்னஸோட்டா மாகாணத்தில், மோட்டார் வண்டிகளைப் பற்றிய புஸ்தகங்களை வெளியிட்டு விற்றுவந்த டாம் வார்த் என்பவர், உகாண்டாவில் ஒரு நூல்நிலையத்தின் வெறும் அலமாரிகளைக் கண்டு மனமிரங்கி, புக்ஸ் பார் ஆப்பிரிக்கா என்னும் சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கம் இதுவரை ஐந்து கோடிக்கு மேற்பட்ட புஸ்தகங்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியிருக்கிறது. நாற்பதடி நீளமுள்ள ஒரு கன்டெய்னர்ப் பெட்டியில் 20,000-க்கு மேற்பட்ட புஸ்தகங்கள் அடங்கும் என்றால், இக்காரியத்தின் பரிமாணத்தை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இவர்களில் எவருடைய உள்நோக்கத்தையும் நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் கோடிக் கணக்கு நம்மை மயக்கிவிடலாகாது. அனுப்பியது எவ்வளவு என்பதற்குக் கணக்கு எளிதில் கிடைக்கிறது. படித்தது எவ்வளவு என்பதற்குக் கணக்கு எங்கே?

முதலில், இப்புஸ்தகங்கள் எங்கிருந்து புறப்படுகின்றன என்று பார்ப்போம். ஒரு பங்கு, நம் வாசகரின் பெட்டிகளைப் போல, வீடுகளிலிருந்து வருவது. ஒரு பங்கு, பள்ளிகளும் நூல்நிலையங்களும் கழித்துவிடுவது. மற்றொரு பங்கு, பதிப்பாளரின் கிடங்கில் விலைபோகாமல் தங்கியது. இந்தக் கடைசிப் பங்கைப் பற்றி ஒரு வக்கீலின் கண்கொண்டு நோக்கினால் வினோதமான செய்தியொன்று புலப்படும். 1979-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, தார் பவர் டூல் கம்பெனி வழக்கில் ஒரு தீர்ப்பளித்தது. வழக்கு, விசைக் கருவிகளின் உதிரிப் பாகங்களைப் பற்றியது. இனி விற்காது என்று வியாபாரி தானே யூகித்துக்கொண்டு, கிடங்கிலுள்ள சரக்கின் மதிப்பை வருமான வரிக் கணக்கில் குறைத்துக் காட்டுதல் கூடாது. சரக்கைக் கையிலே வைத்துக்கொண்டே நஷ்டத்தையும் எழுத முடியாது என்பது தீர்ப்பின் சாரம். உதிரிப் பாகங்களுக்குச் சொன்ன நியாயம் புஸ்தகங்களையும் பற்றிக்கொண்டது. மெதுவாக விற்கும் நூல்களைப் பல வருஷம் கிடங்கில் வைத்திருந்த பதிப்பாளர்கள், அவற்றை மலிவாகத் தள்ளிவிடவேண்டும், அல்லது கூழாக்கவேண்டும், அல்லது தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுக்கவேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. தர்மமாகக் கொடுப்பதற்கு அந்நாட்டு வரிச் சட்டத்தில் கழிவும் உண்டு. கொடுக்கிறவர்களெல்லாம் கழிவுக்காகவே கொடுக்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அநியாயமாகும். ஆனால் ஒரு புஸ்தகம் ஆப்பிரிக்கக் குழந்தைக்கு வேண்டும் என்பதனால் புறப்படுவது வேறு, அமெரிக்கக் கிடங்குக்கு வேண்டாம் என்பதனால் புறப்படுவது வேறு. கப்பலில் ஏறியபின் இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

நமது 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 122-வது பிரிவு, தானத்தின் லட்சணத்தைக் கூறுகிறது. கொடுப்போன் மனமுவந்து, பிரதிப்பிரயோஜனம் இன்றிக் கொடுத்தால் மட்டும் போதாது. ஏற்போன் அதை அங்கீகரிக்கவும் வேண்டும். அங்கீகாரமில்லாத தானம் தானமேயன்று. 127-வது பிரிவு இன்னும் நுட்பமானது. ஒரே பத்திரத்தில் பலவற்றைச் சேர்த்துக் கொடுத்து, அவற்றில் ஒன்று பாரமுள்ளதாயிருந்தால், பாரத்தைத் தள்ளி நலத்தை மட்டும் எடுத்துக்கொள்ள ஏற்போனுக்கு உரிமையில்லை. எடுத்தால் எல்லாவற்றையும் எடுக்கவேண்டும். சட்டம் இயற்றியவர்கள் கன்டெய்னர்ப் பெட்டியைக் கனவிலும் கண்டவர்களல்லர். எனினும் கிராமத்துத் தலைமையாசிரியர் ஒருவரின் சங்கடத்தை இதைவிடத் தெளிவாக எவரும் எழுதிவிட முடியாது. பெட்டியைத் திறந்துபார்த்த பின்னரே உள்ளே இருப்பது தெரியும். துறைமுகக் கட்டணம், சுங்க முகவரின் கூலி, லாரி வாடகை, தாமதமானால் தாமதக் கட்டணம், எல்லாம் ஏற்கெனவே ஏறிவிட்டன. நல்ல கதைப் புஸ்தகம் பத்து வேண்டுமானால், எழுதி நிரப்பிய பயிற்சி நூல்களையும், வேறொரு தேசத்தின் பழைய பரீட்சை வழிகாட்டிகளையும் சேர்த்தே ஏற்கவேண்டும்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பது நம்மவர் பழமொழி. அது வாங்குகிறவனுக்குச் சொன்னது. கொடுக்கிறவன் கொடுக்குமுன் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாதென்று எந்தப் பழமொழியும் சொல்லவில்லை.

இனி, புஸ்தகத்திற்கு உள்ளே போவோம். கிழியாத, அழுக்குப்படாத, அழகிய வர்ணப் படங்கள் நிறைந்த புஸ்தகமே வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். நைஜீரியாவின் பெரும் நாவலாசிரியரான சினுவா அச்செபி எழுதியிருக்கும் ஒரு சம்பவத்தை இங்கே குறிப்பிடுவது பொருந்தும். தேசம் சுதந்திரமடைந்ததை ஒட்டிய ஆண்டுகளில் அவர் லாகோஸ் நகரில் வசித்துவந்தார். நான்கு வயதுள்ள அவருடைய பெண்குழந்தை ஒருநாள், தான் கறுப்பில்லை, மாநிறம் என்று சாதிக்கத் தொடங்கியது. பெற்றோர் திடுக்கிட்டனர். இவ்வெண்ணம் எங்கிருந்து வந்ததென்று தேடிய அச்செபி, குழந்தையின் பள்ளியைப் பற்றி விசாரித்ததோடு, தாமே கடையில் விலை கொடுத்து வாங்கி வந்திருந்த ஐரோப்பியக் கதைப் புஸ்தகங்களையும் எடுத்துப் படித்துப் பார்த்தார். ஒரு கதையில், வெள்ளைக்காரச் சிறுவன் ஒருவன் விட்ட பட்டம் வானத்தில் நெடுந்தூரம் சென்று, ஆப்பிரிக்கக் கிராமமொன்றின் தென்னை மரத்தில் சிக்கிக்கொள்கிறது. கிராமத்தார் அதைக் கண்டு அஞ்சி, தெய்வமென்று கருதி, பூசாரியை அழைத்துப் பூஜை போடுகிறார்கள். இதுதான் கதை. அட்டை பளபளவென்றிருந்தது. காகிதம் உயர்ந்தது. விலையும் அதிகம். அதைத் தம் கையாலேயே தம் குழந்தைக்குக் கொடுத்திருந்தார், மேனாட்டார் வரைந்த ஆப்பிரிக்கச் சித்திரத்தை மறுத்து நாவல் எழுதிப் புகழ்பெற்ற அந்த மனிதர்!

அவர் சும்மாயிருந்துவிடவில்லை. அவருடைய நண்பரும் கவிஞருமான கிறிஸ்டபர் ஒகிக்போ அப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் பிரதிநிதியாக இருந்தார். குழந்தைகளுக்கு ஒரு நூல் எழுதும்படி அச்செபியை விடாமல் தூண்டினார். 1966-ல் வெளிவந்த சிகேயும் நதியும் என்னும் ஆங்கிலக் கதை அதன் பயன். கிராமத்திலிருந்து ஒனிட்ஷா நகருக்கு வந்த சிறுவன், நைஜர் நதியைப் படகிலே கடந்து அக்கரையிலுள்ள அஸாபாவைப் பார்க்க ஆசைப்படுகிறான். படகுக் கூலி கையில் இல்லை. அந்த நதி நைஜீரியக் குழந்தையின் நதி. அந்தக் கூலியில்லாமையும் அதற்குத் தெரிந்ததே. 1967-ல் அச்செபியும் ஒகிக்போவும் சேர்ந்து, தங்கள் நாட்டுக் குழந்தைகளுக்குப் புஸ்தகம் போடுவதற்கென்றே எனுகு நகரில் ஒரு பதிப்பகம் தொடங்கினர். அதே ஆண்டில் பயாப்ரா யுத்தம் மூண்டது. ஒகிக்போ போர்க்களத்தில் மடிந்தார். பதிப்பகமும் யுத்தத்தோடு முடிந்தது.

லாகோஸில் வசித்த தந்தைக்குப் புஸ்தகத்தைப் படித்துப் பார்க்கும் அறிவும், வேண்டாமென்று எடுத்து வைக்கும் வசதியும், வேறொன்று எழுதும் ஆற்றலும் இருந்தன. பள்ளியின் அலமாரி முழுவதும் கப்பலில் வந்ததாகவே இருக்கும் ஒரு கிராமத்துக் குழந்தை என்ன செய்யும்? பின்னாளில் புகழ்பெற்ற நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சி, 2009-ல் நிகழ்த்திய பிரசங்கமொன்றில், ஏழு வயதில் தாம் எழுதத் தொடங்கிய கதைகளில் வந்த மாந்தரெல்லாம் நீலக் கண்ணுடைய வெள்ளையராய், பனியில் விளையாடி ஆப்பிள் தின்பவராய் இருந்ததைச் சொல்லியிருக்கிறார். அவர் பிறந்து வளர்ந்தது மாம்பழம் தின்னும் தேசத்தில், பனியைக் கண்டதேயில்லை. படித்த புஸ்தகங்களெல்லாம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அச்சானவை. ஆகையால் புஸ்தகம் என்றாலே அதில் வெளிநாட்டார்தாம் இருக்கவேண்டும் என்று அக்குழந்தை முடிவு செய்துவிட்டது. சென்னையில் ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளின் நோட்டுப் புஸ்தகங்களைப் புரட்டிப் பார்க்கும் பெற்றோருக்கு இது புதுமையாகத் தோன்றாது.

பாஷை விஷயம் இதனினும் பெரிது. மேற்குக் கென்யாவிலுள்ள புஸியா, டெஸோ ஜில்லாக்களில் 1996-ல் தொடங்கி ஒரு பரீட்சார்த்த முயற்சி நடைபெற்றது. நூறு கிராமப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் சிலவற்றுக்கு மட்டும் முதலில் பாடப்புஸ்தகங்கள் வழங்கி, கொடுத்த பள்ளிக்கும் கொடாத பள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பால் கிளூ, மைக்கேல் கிரெமர், சில்வி மூலின் ஆகிய பொருளாதார அறிஞர்கள் கணக்கிட்டனர். இவர்களில் கிரெமர் 2019-ல் நோபல் பரிசு பெற்றவர். 2009-ல் வெளியான முடிவு யாவரையும் வியப்பில் ஆழ்த்தியது. புஸ்தகம் கொடுத்ததனால் பிள்ளைகளின் சராசரி மார்க்கு உயரவில்லை. ஏற்கெனவே வகுப்பில் முன்னணியில் இருந்த மாணாக்கருக்கு மட்டும் பயன் ஏற்பட்டது. ஏனெனில் புஸ்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அப்பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் பேசும் பாஷை ஒன்று, அடுத்தது ஸ்வாஹிலி, ஆங்கிலம் மூன்றாவது. கொடுத்த புஸ்தகத்தைப் பெரும்பாலான பிள்ளைகளால் படிக்கவே முடியவில்லை.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அவை எங்கோ ஒரு தேசத்தில் கழிக்கப்பட்ட புஸ்தகங்களல்ல. கென்யா சர்க்காரின் பாடத்திட்டத்திற்கு இணங்க, கென்யப் பிள்ளைகளுக்கென்றே எழுதப்பட்டவை. சொந்த தேசத்துப் பாடப்புஸ்தகத்தின் கதியே இதுவானால், ஓஹையோவிலோ சென்னை அண்ணாநகரிலோ ஒரு குழந்தை படித்து முடித்த ஆங்கிலக் கதைப் புஸ்தகத்தின் கதி என்னவாகும்? ஆங்கிலத்தின்மீது நமக்குத் துவேஷமில்லை. அதைப் படித்துப் பட்டம் பெற்று, அதில் வழக்காடிப் பிழைத்தவர்கள் நாம். அந்த அனுபவத்தினாலேயே சொல்கிறோம்: எழுத்துக் கூட்டக் கற்கும் குழந்தைக்கு முதலில் வேண்டியது தன் தாய் பேசும் சொல்லை அச்சில் கண்டு, இது நான் அறிந்ததுதான் என்று துள்ளும் ஆனந்தம். அது கிடைத்த பிறகு எந்தப் பாஷையையும் அது தேடிப் பிடித்துக்கொள்ளும்.

அப்படியானால் அந்தத் தேசங்களில் அந்தப் பாஷைகளில் புஸ்தகம் போடுவார் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். கூகி வா தியாங்கோ 1980-களில் தம் கிக்குயு பாஷையில் குழந்தைகளுக்காக எழுதிய கதைகள் நைரோபியிலேயே அச்சாயின. ஆனால் இனாமாக வரும் 20,000 புஸ்தகங்களோடு விலைக்கு விற்கும் 2,000 புஸ்தகம் போட்டியிட முடியுமா? லங்காஷயர் துணி மலிவாக வந்தபோதே நம் நெசவாளர் தறி நின்றுபோயிற்று. இலவசமாகவே வந்திருந்தால்? கிடைத்த துணியைக் கட்டிக்கொண்டு நன்றி சொல்லியிருப்போம், தறியை அடுப்பெரித்திருப்போம். ஒரு ஜில்லாவின் பள்ளிகளெல்லாம் தானப் புஸ்தகத்தால் நிறைந்துவிட்டால், அவ்வூர்ப் புஸ்தகக் கடைக்காரனிடம் வாங்குவாரில்லை. கடைக்காரன் வாங்காவிட்டால் பதிப்பாளன் அச்சிடான். பதிப்பாளன் இல்லாவிட்டால் எழுதுகிறவன் எழுதி என்ன பயன்? பத்து வருஷம் கழித்து வெளியார் வந்து பார்த்து, ஐயோ, இவர்களுக்குச் சொந்தப் புஸ்தகமே இல்லையே என்று இரங்கி இன்னொரு கப்பல் அனுப்புவார்கள்.

சட்டமும் இதற்கு அனுகூலமாகவே அமைந்துவிட்டது. 1950-ல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் கூடிய யுனெஸ்கோ மகாநாடு, புஸ்தகங்களுக்கு இறக்குமதித் தீர்வை கூடாதென்று ஓர் ஒப்பந்தத்தை ஏற்றது. 1952-ல் அது அமுலுக்கு வந்தது. அறிவுக்குச் சுங்கமில்லை என்பது உன்னதமான கொள்கையே. ஆனால் அச்சான புஸ்தகம் தீர்வையின்றி உள்ளே வர, அச்சடிக்கவேண்டிய காகிதத்துக்கும் மைக்கும் யந்திரத்துக்கும் தீர்வை நின்றுவிட்டது. இக்குறையை நீக்க 1976-ல் நைரோபியில் ஓர் உப ஒப்பந்தம் செய்யவேண்டியதாயிற்று. முன்னதில் சேர்ந்த தேசங்கள் எல்லாம் பின்னதில் சேரவில்லை. கென்யா சர்க்காரோ 2013-ல் இயற்றிய சட்டத்தினால் புஸ்தகங்களின்மேல் நூற்றுக்குப் பதினாறு வீதம் மதிப்புக் கூட்டு வரி விதித்தது. ஆகவே உள்ளூர்ப் பதிப்பாளனை வருத்துவது வெளிநாட்டுத் தானம் மட்டுமன்று. அவனுடைய சொந்த சர்க்காருந்தான். நம் தேசத்திலும் அச்சிட்ட புஸ்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை, காகிதத்துக்கு உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பிறரைக் குறை கூறுவது நலம்.

இதுவரை ஆப்பிரிக்காவைப் பற்றிச் சொன்னோம். நம் வாசகர் மலையகத்தையும் குறிப்பிட்டிருக்கிறார். அங்கே பாஷை நம்முடையதே. ஆகையால் தடையொன்றுமில்லை என்று அவர் நினைக்கலாம். இலங்கையில் தமிழ் எழுத்தாளர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்கள் அப்படி நினையார். தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளும் நூல்களும் கப்பல் கப்பலாகச் சென்று குவிந்த காலத்தில், யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மட்டக்களப்பிலும் எழுதுகிறவர்களுக்குச் சொந்த மண்ணிலேயே இடமில்லாமற் போயிற்று. 1970-ல் பதவியேற்ற ஸ்ரீமதி சிறிமாவோ பண்டாரநாயகாவின் அரசாங்கம் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியபோது, நம் சஞ்சிகைகளும் அதில் அகப்பட்டன. நம்மவர் வருந்தினர். ஆனால் அந்தச் சில ஆண்டுகளில்தான் இலங்கைத் தமிழரின் சொந்த வெளியீடுகள் தழைத்தன. வீரகேசரிப் பத்திரிகையார் உள்ளூர் நாவல்களை வரிசையாக வெளியிட்டனர். டொமினிக் ஜீவா 1966-ல் தொடங்கிய மல்லிகை போன்ற சஞ்சிகைகளுக்கும் வாசகர் பெருகினர். 1977-ல் புதிய அரசாங்கம் வந்து இறக்குமதியைத் தாராளமாகத் திறந்துவிட, பழைய வெள்ளம் மறுபடி புகுந்தது. ஆப்பிரிக்காவுக்கு லண்டனும் நியூயார்க்கும் எதுவோ, இலங்கைத் தமிழருக்குச் சென்னை அதுவாக இருந்திருக்கிறது. சுதேசி பேசும் நமக்கு இது கசப்பான செய்தி. நாம் நாற்காலி என்பதை அவர்கள் கதிரை என்கிறார்கள். ரொட்டி என்பதைப் பாண் என்கிறார்கள். கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளைக்கு, லயத்து வாசலையும் மலைச்சரிவையும் பற்றிய கதை வேண்டாமா? மெரினாக் கடற்கரையைப் பற்றிய கதையையே எந்நாளும் படித்துக்கொண்டிருக்கவேண்டுமா?

வெளியார் கொடுத்த புஸ்தகத்தினால் நமக்கு நன்மையே விளையவில்லையா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ்க் குழந்தைப் புஸ்தகங்களை நம்மில் பலர் மறக்கவில்லை. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் முதலிய நம்மவர் மாஸ்கோவுக்கே சென்று தங்கி மொழிபெயர்த்தனர். 1951-ல் தோன்றிய நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் அவற்றை மலிவு விலைக்கு ஊரூராகக் கொண்டுபோய் விற்றது. அதில் அரசியல் நோக்கமிருந்தது என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆயினும் அனுப்பியவர்கள் ஒரு சிரமத்தை மேற்கொண்டார்கள்: தங்கள் வீட்டில் மிஞ்சிய ருஷ்யப் புஸ்தகத்தை மூட்டைகட்டி அனுப்பாமல், தமிழ்க் குழந்தைக்குத் தமிழில் அச்சிட்டு அனுப்பினார்கள். அது காரணமாகவே அப்புஸ்தகங்கள் இன்றும் நினைவில் நிற்கின்றன. 1991-ல் சோவியத் யூனியன் மறைந்தது, வரத்தும் நின்றது. அவ்வளவு வர்ணப் படங்களோடு அவ்வளவு மலிவாகத் தமிழ்க் குழந்தைக்குப் புஸ்தகம் போட நம் ஊரில் அப்போது யார் ஆயத்தமாக இருந்தார்கள்? பிறர் ஊற்றிய தண்ணீரில் வளர்ந்த செடியின் நிலைமை நமக்குத் தெரியும்.

தானம் செய்யும் ஸ்தாபனங்களே இவற்றை உணராமலில்லை என்பது ஆறுதலளிக்கும் விஷயம். கானடாவில் 1959-ல் புஸ்தகம் கப்பலேற்றத் தொடங்கிய அமைப்பு, பின்னர் கோட் என்று பெயர் மாற்றிக்கொண்டு, ஏற்றுமதியைக் குறைத்து, அந்தந்த நாட்டுப் பதிப்பாளருக்குத் துணைசெய்யும் வழிக்குத் திரும்பியது. அதன் உதவியோடு 1991-ல் டான்ஸானியாவில் ஏற்பட்ட குழந்தைப் புஸ்தகத் திட்டம், உள்ளூர்ப் பதிப்பாளர் ஸ்வாஹிலியில் நல்ல கதை நூல் வெளியிட்டால் அதில் கணிசமான பிரதிகளைத் தானே விலைக்கு வாங்கிப் பள்ளிகளுக்கு வழங்குவதென்று ஏற்பாடு செய்தது. இதன் அழகை வாசகர்கள் கவனிக்கவேண்டும். பள்ளிக்கு இனாம், ஆனால் எழுத்தாளனுக்கும் சித்திரக்காரனுக்கும் அச்சுக்கோப்பவனுக்கும் கூலி உண்டு. புக் எய்ட் ஸ்தாபனமும் பழைய புஸ்தகத்தை விட்டு, பதிப்பாளரிடமிருந்து புதிய புஸ்தகங்களையே பெற்று அனுப்பிவருகிறது. ஈராக்கில் யுத்தத்தால் எரிந்த மோஸுல் சர்வகலாசாலை நூல்நிலையத்திற்கு அது 2018-ல் நூல்கள் அனுப்பியது. எரிந்துபோன நூல்நிலையத்திற்குக் கப்பலேற்றி அனுப்புவதை யார் தடுப்பார்கள்? 1981-ல் யாழ்ப்பாணம் எரிந்ததைக் கண்ட தமிழராகிய நாம் தடுக்கமாட்டோம். அங்கே கேட்பவர் இருக்கிறார். இன்ன துறையில் இன்ன நூல் வேண்டுமென்று சொல்லக்கூடியவர்.

இன்றோ கப்பலும் வேண்டாதபடி ஒரு வழி திறந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 2014-ல் தொடங்கிய ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் என்னும் முயற்சியும், பெங்களூரில் பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவரும், குழந்தைக் கதைகளைப் படங்களோடு இணையத்தில் வைத்து, எவரும் தம் பாஷையில் பெயர்க்கவும் அச்சிடவும் அனுமதி கொடுத்துவிட்டன. அவற்றில் ஸ்வாஹிலியும் உண்டு, கென்யாவின் வடக்கே வறண்ட நிலத்தில் பேசப்படும் துர்க்கானாவும் உண்டு, தமிழும் உண்டு. இருபது பக்கத்தில் சிறு கதையொன்றை நைரோபி அச்சகத்தில் அச்சிட்டு, ஒரு வகுப்புப் பிள்ளைகள் அனைவர் கையிலும் ஒவ்வொன்று கொடுக்கலாம். ஒரே புஸ்தகம் நாற்பது பிரதி இருந்தால் உபாத்தியாயர் பாடம் நடத்தலாம். நாற்பது புஸ்தகம் ஒவ்வொரு பிரதி இருந்தால் பூட்டி வைக்கத்தான் தோன்றும். கிழிந்தால் கணக்குச் சொல்லவேண்டுமே என்று தலைமையாசிரியர் புஸ்தகத்தைப் பீரோவில் வைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வது ஆப்பிரிக்காவில் மட்டும் நடப்பதன்று.

இனி நம் வாசகருக்கு. பெட்டிகளைத் திறந்து, எழுதி நிரப்பியவற்றையும், பழைய பாடத்திட்ட நூல்களையும், தம் பேரக்குழந்தைக்குக் கொடுக்கக் கூசும் எதையும் முதலில் எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம். மிஞ்சிய நல்ல தமிழ்ப் புஸ்தகங்களை அவர் ஊரிலுள்ள பஞ்சாயத்துப் பள்ளி உபாத்தியாயரிடம் காட்டி, அவர் பொறுக்கியெடுத்ததுபோக மீதியைக் கிளை நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். மலையகத்துப் பள்ளியின் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும்: எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எதைப் படிக்க ஆசைப்படுகிறார்கள், புஸ்தகம் வைக்க மழை ஒழுகாத அலமாரி உண்டா, அலமாரிக்குச் சாவி யாரிடம் இருக்கிறது, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வெளிவந்த நூல்களில் எவை வேண்டும். கப்பல் கூலிக்கென்று தெருவார் சேர்த்த பணம் அப்படியே இருக்கட்டும். பதில் வந்தவுடன் அங்குள்ள புஸ்தகக் கடைக்கு அதை அனுப்பலாம். கென்யாவுக்கும் இதே முறைதான். அங்கே அறிந்தவர் எவருமில்லையானால், அறிந்தவர் கிடைக்கும்வரை பணத்தைப் பாங்கியில் போட்டு வைப்பதில் பாபமில்லை. தலைமையாசிரியரின் பதிலை நமக்கு அனுப்பினால் இப்பக்கத்திலேயே பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம். நூல்களின் பட்டியலைக் கண்டு வேறு தெருவாரும் முன்வரக்கூடும். பதில் வரச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை, எஞ்சிய பெட்டிகளைத் தரையில் வைக்காமல் பலகையின்மேல் வைத்து, வேப்பிலை போட்டு மூடி வைக்கட்டும். கரையானுக்கு எந்தப் பாஷையும் ஒன்றுதான்.